அம்மாவின் நுரையீரல் கட்டி 6 மி.மீ. என்றார்கள், இப்போது 8 என்கிறார்கள்: வளர்ச்சியா, மெஷின் வித்தியாசமா?

கேள்வி, ஆலங்குளத்திலிருந்து ஒரு வாசகர், 4 மே 2024

அம்மாவுக்கு வயது 61. இருமல் நிற்காததால் ஜனவரியில் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தோம். வலது நுரையீரலில் 6 மி.மீ. அளவில் சின்னக் கட்டி இருப்பதாக ரிப்போர்ட் வந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள். ஏப்ரல் கடைசியில் வேறு ஒரு சென்டரில் எடுத்தோம், அதில் 8 மி.மீ. என்று இருக்கிறது. அம்மாவுக்குப் புகைப் பழக்கம் கிடையாது, ஆனால் இருபது வருஷம் பீடி சுற்றியவர். வீட்டில் யாருக்கும் தூக்கம் இல்லை. வளர்ந்துவிட்டதா, இல்லை இரண்டு மெஷினில் ஏதோ ஒன்று தப்பா? விஷயம் தெரிந்த அண்ணாச்சிமார் சொல்லுங்கள்.

4 மே 2024, இரவு 10.40

நான் 22 வருஷமாக சி.டி. டெக்னீஷியன், பாளையங்கோட்டைப் பக்கம். 2 மி.மீ. வித்தியாசத்தை மட்டும் வைத்து வளர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது. நெஞ்சு ஸ்கேனில் படத்தின் அகலம் சுமார் 350 மி.மீ. இருக்கும். அதை 512 கட்டங்களாகப் பிரித்துத்தான் திரையில் காட்டுகிறோம். அப்படியானால் ஒரு கட்டம் 0.68 மி.மீ. கட்டியின் இந்த ஓரத்தில் ஒரு கட்டமும் அந்த ஓரத்தில் ஒரு கட்டமும் தள்ளிச் சுட்டியை வைத்தாலே 1.4 மி.மீ. கூடிவிடும். கட்டி இருந்த அளவிலேயேதான் இருக்கும். இப்போது தூங்குங்கள் தம்பி, மிச்சத்தைக் காலையில் எழுதுகிறேன்.

5 மே, காலை 5.50

தூங்கச் சொல்லிவிட்டு நான்தான் விழித்துக் கிடந்தேன். நேற்று பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன், அந்தப் பாதியும் ஆறுதல் சொல்லும் பாதி. அதைத் திருத்தவேண்டும்.

கட்டி என்பது உருண்டை. விட்டம் 6 என்பது 8 ஆனால், பருமன் 216-க்கு 512 என்ற கணக்கில் ஏறும். கிட்டத்தட்ட 2.4 மடங்கு. நிஜமாகவே மூன்று மாதத்தில் அப்படி ஏறியிருந்தால் அது பொறுத்துப் பார்க்கிற சங்கதி இல்லை. நுரையீரல் ஸ்கிரீனிங்குக்கு வைத்திருக்கும் லங்-ராட்ஸ் முறையில் சராசரி விட்டம் 1.5 மி.மீ.க்கு மேல் கூடினால் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறார்கள். உங்கள் 2 மி.மீ. அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது.

ஆக, "ஒன்றும் இல்லை" என்கிற தொனியில் நான் சொன்னது தப்பு. "வளர்ந்துவிட்டது" என்று நீங்கள் நினைப்பதற்கும் இன்னும் ஆதாரம் இல்லை. இரண்டு ஸ்கேனும் ஒரே மாதிரி எடுக்கப்பட்டதா, ஒரே மாதிரி அளக்கப்பட்டதா என்று தெரியாமல் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதீர்கள். போகும்போது எதைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்பதைச் சாயங்காலம் எழுதுகிறேன், டியூட்டி இருக்கிறது.

5 மே, இரவு 9.15

முதலில் ஸ்லைஸ். உடம்பை வாழைக்காய் சீவுவதுபோலச் சீவிப் பார்ப்பதுதான் சி.டி. சீவலின் கனம் 5 மி.மீ. என்றால், 6 மி.மீ. கட்டி முழுசாக ஒரே சீவலுக்குள் விழவே முடியாது. பாதி இந்தச் சீவலில், பாதி அடுத்ததில். சீவலுக்குள் இருக்கும் கட்டியும் சுற்றியுள்ள காற்றும் கலந்து சராசரியாகி, ஓரம் மங்கித் தெரியும். அதே கட்டியை 1 மி.மீ. சீவலில் பார்த்தால் ஓரம் நறுக்கென்று இருக்கும், நிஜமான அகலமும் கிடைக்கும்.

அடுத்தது விண்டோ. ஒரே படத்தை நுரையீரல் விண்டோவில் வைத்தால் கட்டி பெரிதாகத் தெரியும், நெஞ்சின் நடுப்பகுதியைப் பார்க்கும் விண்டோவில் வைத்தால் ஓரம் கரைந்து சின்னதாகும். திரைக்குப் பின்னால் இருக்கும் எண்கள் மாறுவதில்லை. எந்த எண்ணுக்கு எவ்வளவு கறுப்பு, எவ்வளவு வெள்ளை என்பதுதான் மாறுகிறது. முதல் சென்டரில் ஒரு விண்டோ, இரண்டாவதில் இன்னொன்று என்றால் 1 மி.மீ. அங்கேயே போயிற்று.

அப்புறம் மூச்சு. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று மைக்கில் சொல்வோம். இருமல்காரர்களால் பிடிக்க முடியாது. அரை மூச்சில் எடுத்த நுரையீரலில் கட்டியின் இடமும் தோற்றமும் கொஞ்சம் மாறும்.

ரிப்போர்ட்டில் ஒரே எண் இருந்தால், அது நீளமா அகலமா, இரண்டின் சராசரியா என்றும் கேட்கவேண்டும். ஒருவர் நீளத்தை எழுதுவார், இன்னொருவர் சராசரியை எழுதுவார்.

இதற்கெல்லாம் ஒரே வழி, இரண்டு ஸ்கேனின் டிஸ்க்கையும் ஒரே ரேடியாலஜி டாக்டரிடம் கொடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளக்கச் சொல்வது. பிலிம் போதாது, டிஸ்க் வேண்டும். டிஸ்க்கில் 5 மி.மீ. படம் மட்டும்தான் இருக்கிறது என்றால், முதல் சென்டருக்குப் போய் "மெல்லிய ஸ்லைஸ் சிஸ்டத்தில் இருக்கிறதா" என்று கேளுங்கள். ஸ்கேனரின் மூலத் தரவைச் சில நாளில் அழித்துவிடுவார்கள், ஆனால் மெல்லிய ஸ்லைஸ் படங்கள் சர்வரில் மாதக்கணக்கில் கிடப்பதுண்டு. இந்த வாரமே போங்கள்.

9 மே

தென்காசியிலிருந்து ஒருவர், "எல்லா ஸ்கேனும் ஆளுக்கொரு கணக்கு, எந்த மெஷினையும் நம்பக்கூடாது" என்று எழுதியிருக்கிறார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் மெஷினின் கணக்கு எங்கே நிற்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு கோபப்படுவோம்.

சி.டி. படத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் 0, காற்று கழித்தல் 1000. கொழுப்பு கழித்தல் 100-ஐ ஒட்டி வரும், புதிதாக உறைந்த ரத்தம் 50-லிருந்து 70-80 வரை, கெட்டியான எலும்பு ஆயிரத்தையும் தாண்டும். கண்டுபிடித்தவர் பெயரில் அதை ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்கிறோம். காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு, 1979-இல் ஆலன் கார்மாக்குடன் சேர்ந்து நோபல் பரிசு வாங்கியவர். 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டனில் முதல் நோயாளிக்குத் தலை ஸ்கேன் எடுத்த அவருடைய மெஷினில், தலையைச் சுற்றி ஒரு தண்ணீர்ப் பெட்டி உண்டு. ரப்பர் உறைக்குப் பின்னால் தண்ணீர், அதில் தலை பொதிந்திருக்கும். இன்று அந்தப் பெட்டி இல்லை. பதிலுக்கு, ஆள் வருவதற்கு முன்னால் தினமும் ஒரு தண்ணீர் உருளையைப் படுக்கவைத்து ஸ்கேன் எடுக்கிறோம். அதற்குப் பெயர் ஃபாண்டம்.

காலை ஏழு மணிக்கு நான் செய்வது இதுதான். முதலில் டியூப் வார்ம்-அப், அதாவது எக்ஸ்-ரே குழாயைச் சூடேற்றுவது. அப்புறம் ஏர் கேலிப்ரேஷன்: கேன்ட்ரிக்குள், அதாவது ஆள் நுழையும் பெரிய வளையத்துக்குள், ஒன்றும் இல்லாமல் காற்றை மட்டும் ஸ்கேன் செய்து, எக்ஸ்-ரேயை வாங்கி அளக்கும் டிடெக்டர்களை ஒழுங்குபடுத்துவது. அப்புறம் ஃபாண்டம். படத்தின் நடுவில் ஒரு வட்டம், நான்கு ஓரத்திலும் நான்கு வட்டம். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் சராசரி 0-க்கு மேலேயோ கீழேயோ 4-க்குள் இருக்கவேண்டும் என்பது எங்கள் கணக்கு. நடுவுக்கும் ஓரத்துக்கும் அதிகம் வித்தியாசம் வரக்கூடாது. நோட்டில் எழுதிவிட்டுத்தான் முதல் டோக்கனைக் கூப்பிடுவேன். பெரும்பாலான நாள் 0.6, 1.1, கழித்தல் 0.8 என்று ஒன்றையே சுற்றிச் சுற்றி வரும். வருஷக்கணக்கில் அந்த நோட்டைப் புரட்டினால் சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பு எனக்குப் பிடிக்கும்.

9 மே, இன்னும் கொஞ்சம்

முக்கியமானதை விட்டுவிட்டேன். இந்த எண் நகர்வது வேறு, மில்லிமீட்டர் நகர்வது வேறு. தண்ணீர் 0-க்குப் பதில் 7 காட்டினாலும் கட்டியின் அகலம் மாறிவிடாது. தூரம் என்பது கேன்ட்ரியின் வடிவத்திலிருந்தும் டேபிள் நகரும் கணக்கிலிருந்தும் வருகிறது, அது லேசில் கெடாது. எனவே ஆலங்குளம் தம்பியின் 6-8 விவகாரத்தில் "மெஷின் தப்பு" என்பதுதான் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. ஸ்லைஸ், விண்டோ, மூச்சு, அளந்த கை, இவற்றை முதலில் பாருங்கள்.

12 மே

களக்காட்டு அக்கா கேட்டது: "ஃபாண்டத்தில் தாமிரபரணித் தண்ணியை ஊத்தினா மெஷினுக்கும் திருநெல்வேலிப் பேச்சு வந்துருமா?" வாய்விட்டுச் சிரித்தேன். ஆற்றுத் தண்ணீரை ஊற்றினால் எண்ணில் பெரிய மாற்றம் வராது அக்கா, பாசி பிடித்துவிடும். டிஸ்டில்டு வாட்டர்தான்.

வருகிற தொந்தரவு காற்றுக் குமிழியால். மூடியின் வாஷர் தேய்ந்து தண்ணீர் குறைந்தால் மேல்புறத்தில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு குமிழி உட்காரும். மேல் வட்டம் அதைத் தொட்டால் எண் சரிந்துவிடும். புதுப் பையன்கள் மெஷின் கெட்டுவிட்டது என்று பதறிப் போன் செய்வார்கள். முதலில் ஃபாண்டத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள் என்பேன்.

19 மே

இதை எழுதலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளம் இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்போது நான் வேலை பார்த்த சென்டரில் தண்ணீர் மூன்றாவது படி வரை ஏறி நின்றது, உள்ளே வரவில்லை. ஆனால் கரன்ட் இல்லை, ஏ.சி. இல்லை. ஸ்கேன் ரூம் நான்கு நாள் பூட்டிக் கிடந்து கதவைத் திறந்தபோது சுவரில் வேர்த்திருந்தது. கேன்ட்ரியின் பிளாஸ்டிக்கில் விரலை வைத்தால் ஈரம் ஒட்டியது.

கரன்ட் வந்த அன்று நான் கேட்டது ஒரு ராத்திரி முழுக்க ஏ.சி. ஓடவேண்டும் என்பது. டிடெக்டர் சூடு நிலைக்கு வரவேண்டும், ரூம் ஈரம் இறங்கவேண்டும், அப்புறம் வார்ம்-அப், ஏர் கேலிப்ரேஷன், ஃபாண்டம். நிர்வாகம் ஒத்துக்கொண்டது. சாயங்காலம் ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள், மாடிப்படி வழுக்கித் தலையில் அடி, மயக்கம். வேறு எங்கும் கொண்டுபோகப் பாதை இல்லை. டாக்டர் எடுக்கச் சொன்னார். வார்ம்-அப் மட்டும் செய்து எடுத்தேன்.

படத்தின் நடுவில், மூளைத் தண்டின் பக்கம், மங்கலாக ஒரு வெள்ளைப் புள்ளி. அதைச் சுற்றி மெல்லிய வளையம். ரத்தக் கசிவா என்று டாக்டர் நாற்காலியை இழுத்துக்கொண்டு குனிந்தார். எனக்குக் கை சில்லென்று ஆகிவிட்டது. ஒவ்வொரு ஸ்லைஸாக மேலே உருட்டினேன். புள்ளி நகரவே இல்லை. மூளைத் தண்டைத் தாண்டி, நடு மூளையைத் தாண்டி, மண்டை ஓட்டின் உச்சி வரைக்கும் அதே இடத்தில், கேன்ட்ரியின் நட்டநடுவில் நின்றது. தலைக்குள் இருக்கிற எதுவும் அப்படி ஆணி அடித்ததுபோல நிற்காது. டிடெக்டரில் ஒன்றிரண்டு மற்றவற்றோடு ஒத்துப்போகாவிட்டால் அது படத்தில் வளையமாக விழும், நடுவிலுள்ள டிடெக்டர் என்றால் புள்ளியாக விழும். டாக்டரிடம் சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். பெரியவருக்கு வேறு இடத்தில் ரத்தக் கட்டு எதுவும் தெரியவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்து மறுபடி எடுத்தோம், சுத்தமாக இருந்தது.

அன்றைக்கு எடுத்தது தப்பு என்று நினைக்கவில்லை, அந்தச் சமயத்தில் எடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஃபாண்டம் போடாமல் எடுத்த படம் என்று ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்தப் பிலிமை இன்னொரு ஊரில் இன்னொரு டாக்டர் தூக்கிப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் யோசிக்கிறேன்.

20 மே

நேற்றைய பதிவில் பழி முழுவதையும் ஈரத்தின் மேல் போட்டுவிட்டேன். சர்வீஸ் என்ஜினீயராக இருக்கும் நண்பர் படித்துவிட்டுத் திருத்தினார். ஈரம் எலக்ட்ரானிக்ஸுக்கு ஆபத்துதான், ஆனால் வளையத்துக்குப் பெரும்பாலும் காரணம் டிடெக்டரின் வெப்பநிலை. நான்கு நாள் அணைந்து கிடந்த டிடெக்டர் தன் வெப்பநிலைக்கு வர மணிக்கணக்கில் ஆகும். அதற்குள் பழைய கேலிப்ரேஷன் கணக்கை வைத்து எடுத்தால் ஒவ்வொரு டிடெக்டரும் ஒவ்வொரு அளவுக்கு விலகும். அவர் சொல்வது சரி. அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி. படுத்துவிட்டால் நம் ஊரில் இது இன்னொரு வழியில் வரும்.

20 மே, பின்குறிப்பு

ஆலங்குளம் தம்பி தனியாகக் கேட்டார்: "அம்மாவின் ஜனவரி ஸ்கேன் வெள்ளத்துக்கு அப்புறம் எடுத்தது. அந்த மெஷினும் கெட்டிருக்குமா?" இல்லை தம்பி. 9-ஆம் தேதி எழுதியதை மறுபடி படியுங்கள். எண் நகர்ந்திருந்தாலும் அகலம் நகராது. வெள்ளக் கதையை எழுதி உங்களுக்குப் புதுப் பயத்தைக் கொடுத்துவிட்டேன், மன்னியுங்கள். மெல்லிய ஸ்லைஸ் வாங்கப் போனீர்களா?

26 மே

கல்லிடைக்குறிச்சிப் பெரியம்மை எலும்பு ஸ்கேன் காகிதத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார்கள். "எலும்பு உருகுதாம்லா மக்கா." போன வருஷம் முதுகெலும்பில் 0.842, இந்த வருஷம் 0.815, சதுர சென்டிமீட்டருக்குக் கிராம் கணக்கில். குறைந்திருப்பது 3.2 சதவீதம்.

எலும்பு அடர்த்தி ஸ்கேனில், டெக்ஸா என்பார்கள், இந்த விஷயத்தை ஒழுங்காகக் கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு சென்டரில் 30 பேரைத் தலா இரண்டு முறை படுக்கவைத்து, ஒவ்வொரு முறையும் எழுப்பி மறுபடி படுக்கவைத்து எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் 15 பேரை மூன்று முறை. ஒரே ஆளுக்கு இரண்டு எண் எவ்வளவு தள்ளி வருகிறது என்று பார்த்தால் அந்த சென்டரின், அந்த டெக்னீஷியனின் கைப் பிசகு தெரியும். அதை 2.77-ஆல் பெருக்கினால் வருவதுதான் நம்பக்கூடிய மாற்றத்தின் குறைந்தபட்ச அளவு. முதுகெலும்புக்குக் கைப் பிசகு 1.9 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது சர்வதேச வழிகாட்டல். ஒரு சென்டரின் பிசகு அந்த எல்லையில் இருந்தால் 5.3 சதவீதம் வரை ஏறினாலும் இறங்கினாலும் மாற்றம் என்று சொல்ல முடியாது. பெரியம்மையின் 3.2 அதற்குள் அடங்கிவிட்டது.

அந்தக் காகிதத்தைக் கண்ணாடி போட்டு உற்றுப் பார்த்தேன். இடுப்புப் படத்தில் தொடை எலும்பின் உள்பக்கம் ஒரு சிறு புடைப்பு உண்டு. போன வருஷப் படத்தில் அது தெரிந்தும் தெரியாமலும் இருக்கிறது. இந்த வருஷம் கொழுக்கட்டை மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கிறது. காலை உள்பக்கமாக 15 முதல் 25 டிகிரி திருப்பிக் கட்டியிருந்தால் அது ஒளிந்துகொள்ளும். இந்த முறை பாதம் ஒழுங்காகத் திரும்பவில்லை. மூட்டுவலிக்காரி, திருப்ப விட்டிருக்க மாட்டார். எனவே இடுப்பு எண்ணை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

இரண்டும் ஒரே மெஷின் என்பது நல்லகாலம். லூனார் கம்பெனி மெஷினில் எடுத்ததையும் ஹோலாஜிக் கம்பெனி மெஷினில் எடுத்ததையும் நேரடியாக ஒப்பிட்டால், முதுகெலும்பில் லூனார் பத்து சதவீதத்துக்கும் மேல் கூட்டிக் காட்டும். இரண்டும் அவரவர் கணக்கில் சரி.

"அப்போ உருகலையா?" என்றார் பெரியம்மை. உருகியதா இல்லையா என்று இந்த இரண்டு காகிதத்தால் சொல்ல முடியாது பெரியம்மை, மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றேன். திருப்திப்படவில்லை. காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

27 மே

விட்டுப் போனது: எலும்பு ஸ்கேனுக்கு வரும் முன் 24 மணி நேரம் கால்சியம் மாத்திரை போடாதீர்கள். கரையாத மாத்திரை வயிற்றில் கிடந்தால் முதுகெலும்பின் மேல் நிழல் விழுந்து எண் கூடும். தாலிச் சங்கிலியில் கோத்திருக்கும் ஊக்கு, இடுப்புத் தாயத்து, கொக்கி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கூச்சப்பட்டு ஒளித்து வைத்த ஊக்கால் எத்தனை ஸ்கேனைத் திரும்ப எடுத்திருக்கிறேன்.

2 ஜூன்

கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததை வேகமாக.

சிறுநீரகக் கல். சி.டி.யில் கல்லின் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் 500-க்குக் கீழே இருந்தால் யூரிக் அமிலக் கல்லாக இருக்க வாய்ப்பு அதிகம், மருந்தில் கரைக்கப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருப்பார். ஆனால் 4 மி.மீ. கல்லை 5 மி.மீ. ஸ்லைஸில் அளந்தால் எண் பொய்யாக இறங்கிவிடும். எக்ஸ்-ரே குழாயின் மின்னழுத்தத்தை 120-க்குப் பதில் 100 கே.வி. (கிலோவோல்ட்) வைத்து எடுத்தால் சுண்ணாம்புக் கல்லின் எண் ஏறும். தண்ணீர் மட்டும் எந்த கே.வி.யிலும் 0-தான், ஏனென்றால் அதை வைத்துத்தான் அளவுகோலே.

இதய ரத்தக்குழாய் கால்சியம் ஸ்கோர். 1990-இல் ஆர்தர் அகட்ஸ்டன் குழு கொடுத்த முறை. 130-க்கு மேல் எண் உள்ள இடத்தைத்தான் கால்சியம் என்று எடுப்பார்கள். 130 முதல் 199 வரை ஒரு மடங்கு, 200 முதல் 299 வரை இரண்டு மடங்கு, 300-இலிருந்து மூன்று, 400-க்கு மேல் நான்கு. உச்ச எண் 199-ஆக இருந்த படிவு, படத்தின் இரைச்சலால், அதாவது எண்களில் தானாக வரும் சிறு ஏற்ற இறக்கத்தால், 201 ஆகிவிட்டால் அதன் ஸ்கோர் அப்படியே இரட்டிக்கும். போன வருஷம் 40, இந்த வருஷம் 52 என்றால் மாரடைப்பு நெருங்கிவிட்டது என்று அர்த்தமில்லை.

கர்ப்பிணிக்கு அல்ட்ராசவுண்டில் பிள்ளை எடை. 3 கிலோ என்றார்கள், பிறந்தது 2.7 என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அது எடை போட்டது அல்ல. தலை, வயிறு, தொடை எலும்பு ஆகியவற்றை அளந்து சூத்திரத்தில் போட்டது. 10, 15 சதவீதம் அப்படி இப்படி வரும். தவிர, ஒலி உடம்பில் நொடிக்கு 1540 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொண்டுதான் மெஷின் தூரத்தைக் கணக்கிடுகிறது. கொழுப்பில் அது 1450-ஐ ஒட்டித்தான் போகும்.

பெட் ஸ்கேன், கதிரியக்க மருந்தை ஊசியில் ஏற்றி அது உடம்பில் எங்கே சேருகிறது என்று அளப்பது. எனக்குக் கைப்பழக்கம் இல்லாத துறை, ஆனால் ஒன்று சொல்லலாம். ஊசி மருந்திலுள்ள ஃபுளோரின்-18 சுமார் 110 நிமிடத்தில் பாதியாகிவிடும். ஊசி போட்ட ரூமின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் 11 நிமிடம் முன்பின் இருந்தால் எண் 7 சதவீதம் போல விலகிவிடும். சுவர்க் கடிகாரமும் அங்கே ஓர் அளவுகோல்தான்.

11 ஜூன்

ஆலங்குளம் தம்பி எழுதியிருக்கிறார், அப்படியே சுருக்கித் தருகிறேன். முதல் சென்டரில் மெல்லிய ஸ்லைஸ் கிடைத்தது, 1.25 மி.மீ. டிஸ்க் போட்டுக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை. இரண்டையும் ஒரே ரேடியாலஜி டாக்டர் ஒரே விண்டோவில் வைத்து அளந்தார். ஜனவரியில் நீளம் 8, அகலம் 6, சராசரி 7. ஏப்ரலில் நீளம் 8, அகலம் 7, சராசரி 7.5. முதல் ரிப்போர்ட்டில் அகலம் மட்டும் ஏறியிருக்கிறது, இரண்டாவதில் நீளம் மட்டும். வித்தியாசம் அரை மி.மீ. வளர்ந்ததாகச் சொல்ல முடியாது, அக்டோபர் கடைசியில் அதே மெஷினில் மறுபடி எடுங்கள் என்றிருக்கிறார் டாக்டர். பழைய காசநோய்த் தழும்பாகவும் இருக்கலாம் என்று சளிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

படித்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்துகொண்டேன். எங்கள் அம்மாவும் முக்கூடலில் பீடி சுற்றியவர். இலையை வெட்ட ஒரு தகரத் துண்டு வைத்திருப்பார், அதை இலைமேல் வைத்து ஓரமாகக் கத்தரிப்பார். தகரம் மாறினால் அந்தக் கட்டு முழுக்க அளவு மாறும், கடையில் கழித்துவிடுவார்கள். அதனால் அடுத்த வீட்டுக்காரி கேட்டால்கூட அந்தத் தகரத்தைக் கொடுக்க மாட்டார்.

15 ஜூன்

"இதையெல்லாம் சோதிக்க ஆள் இல்லையா?" உண்டு. எக்ஸ்-ரே கருவி எல்லாம் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கீழ் வருகிறது. லைசென்ஸ் இல்லாமல் சி.டி. ஓட்டக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறையாவது தரச் சோதனை செய்யவேண்டும், டியூப் மாதிரி பெரிய பாகம் மாற்றினால் உடனே செய்யவேண்டும். எங்கள் மேல் படும் கதிர்வீச்சை அளக்க நாங்கள் மார்பில் குத்தியிருக்கும் பேட்ஜும் அந்த ஏற்பாட்டின் ஒரு பகுதிதான். மளிகைக் கடை எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷம் ஒரு முத்திரை, சி.டி.க்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு சோதனை. எனக்கு இது போதாது என்றுதான் தோன்றுகிறது. தினசரி ஃபாண்டம் போட்டால் இரண்டு வருஷம் பிரச்சினை இல்லை, ஆனால் போடுகிறார்களா என்று நோயாளிக்குத் தெரிய வழி இல்லை. லைசென்ஸைக் கேளுங்கள், இன்றைய ஃபாண்டம் அளவையும் கேளுங்கள். முதல் தடவை முறைப்பார்கள். பத்துப் பேர் கேட்டால் நோட்டை மேசைமேல் வைப்பார்கள்.

16 ஜூன்

நேற்றைய கடைசி வரியை எங்கள் சென்டரில் ஒரு தம்பி படித்துவிட்டு, "அண்ணாச்சி, நம்ம நோட்டை யாரும் கேட்டதே இல்லையே" என்றான். இன்று காலை முதல் கவுன்டர் கண்ணாடியில் அன்றைய எண்ணை எழுதி ஒட்டுகிறோம். இன்று: நடு 0.7, ஓரங்கள் 1.2, 0.4, 0.9, 1.5.

28 ஜூலை

ரிப்போர்ட்டில் ஸ்லைஸ் கனம், கே.வி., அளந்த விண்டோ, நீளம், அகலம் இவ்வளவும் வரவேண்டும் என்று எங்கள் டாக்டரிடம் கேட்டிருந்தேன். ரிப்போர்ட் நீண்டுவிடும், நோயாளி குழம்புவார் என்று முதலில் மறுத்தார். இன்று ஒரு வரியாகச் சேர்க்க ஒத்துக்கொண்டார். ஒரு வரி போதும், அடுத்த சென்டரில் இருப்பவனுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான்.

3 நவம்பர் 2024

ஆலங்குளம் அம்மா போன வாரம் மூன்றாவது ஸ்கேன் எடுத்தார். ஏப்ரலில் எடுத்த அதே மெஷின், 1.25 மி.மீ. ஸ்லைஸ், அதே டாக்டர். நீளம் 8, அகலம் 7. சளிப் பரிசோதனையில் ஒன்றும் இல்லை. இருமல் மழை தொடங்கியதும் திரும்ப வந்திருக்கிறது, அதற்குத் தனி மருந்து. அடுத்த ஸ்கேன் 2025 அக்டோபரில். தம்பி மூன்று டிஸ்க்கையும் ஒரே உறையில் போட்டு, ரேஷன் கார்டு இருக்கும் தகரப் பெட்டியில் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறார்.